கேசட்டின் காதில் ஒட்டிய பொட்டு

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாகச் சொல்கிற விஷயம் இல்லை. வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிறவன், திரும்பி வருகிற ஒவ்வொரு கேசட்டையும் சந்தேகப்பட்டுத்தான் கை நீட்டி வாங்கணும். தொண்ணூறுகளில் கணபதி ஏரியாவில் கடை வைத்திருந்தேன். கொடுத்த பொருளைக் கொடுத்தபடி திரும்ப வாங்க முடியாமல் தவித்தவர்கள்தானே நீங்களும்? உங்களுக்குப் புரியும்.

கூண்டுச் சண்டை

கடை இருந்த கட்டடத்தின் ஓனர் ஒரு கேசட் கொண்டுவந்தார். மருமகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்ததாம். கம்பிக்கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டுப் பூட்டிவிடுகிறார்கள். குத்து, உதை, மல்லுக்கட்டு, எது வேண்டுமானாலும் செய்யலாம். இப்படி ஏழெட்டுச் சண்டை. அதில் எல்லோரையும் சாய்த்த இரண்டு பேர் கடைசியில் மோதுகிறார்கள். அவர்கள் பேர் என் வாயில் நுழையவில்லை. ஒருத்தனுக்கு இடி, இன்னொருத்தனுக்கு உடும்பு என்று நானே பேர் வைத்துவிட்டேன்.

ஓனர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "ஒரு வாரம் வாடகைக்கு உடுங்க. ஞாயித்துக்கெழமை என்ற கைக்கு வந்துரோணும், கடைசிச் சண்டைய நான் இன்னும் பாக்கலீங்க. கேசட்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கடைச் சாவியக் குடுத்துப்போட்டுப் போயிருங்க."

பிரஸ்ஸும் வைஸும்

முதலில் எடுத்துப்போனது லேத் பட்டறை பழனிச்சாமி. மறுநாள் காலையில் கேசட்டோடு வந்து, என் மேஜையையே கூண்டாக்கி விளக்க ஆரம்பித்தார். "இடி இருக்கானே, அவன் பவர் பிரஸ்ஸுங்க. ஒரே அடி, தகடு படிஞ்சிரும். மூணு குத்து வாங்கித்தான் ஒண்ணு குடுப்பான், தாடையை மறைக்கவே மாட்டான். உடும்பு, பட்டறையில இரும்ப இறுக்கிப் புடிக்கற பெஞ்ச் வைஸு. அடிக்கவே மாட்டான். இடுப்பைக் கவ்வுவான், கீழ சாய்ப்பான், அப்பறம் கையைத் திருகோ திருகுன்னு திருகுவான். எதிராளி தரையத் தட்டி 'போதும்'ங்கற வரைக்கும் உட மாட்டான்."

"ரெண்டு பேரும் நெசமாத்தான் அடிச்சுக்கறாங்களா, செட்டப்பா?" என்றேன்.

"அது கெடக்குதுங்க. கடைசிச் சண்டையில இடி கைய ஓங்கறான், உடும்பு காலப் புடிக்கறான்..." என்றவர் குரலை இறக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "படக்குனு ஒரு அம்மா வந்து பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி எட்டுன்னு கோலம் போடுது, ஏனுங்க இது?"

நெற்றி நெற்றியாக

அவர் போனதும் கேசட்டைக் கடை டெக்கில் போட்டுப் பார்த்தேன். டிவியில் வந்த கோல நிகழ்ச்சி, சண்டை மேலேயே பதிவாகியிருந்தது. கேசட் முதுகில் ஒரு பிளாஸ்டிக் காது இருக்கும். அதை ஒடித்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. ஒடித்த ஓட்டையை ஒட்டி அடைத்தால் மறுபடி பதியும். அந்த ஓட்டையை அடைத்திருந்தது டேப் இல்லை. மெரூன் கலரில், எட்டணா காசு அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு!

அன்றிலிருந்து தெருவில் வருகிற பொம்பளைகள் நெற்றியைத்தான் பார்த்தேன். நான் டீ குடிக்கப் போனால் கடையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்துக்கடை டெய்லர் ரோஸியையும் விடவில்லை. அது தையல் மிஷினை நிறுத்தாமலே சொன்னது: "அண்ணா, நாங்க பொட்டே வெக்கிறதில்லீங்க, வேற நெத்தியப் பாருங்க."

வேறு நெற்றி என்றால் பழனிச்சாமி வீட்டு நெற்றிதானே? ஏதோ சாக்குச் சொல்லிப் போனேன். அவர் சம்சாரம் நெற்றியில் இருந்தது ஒட்டுகிற பொட்டு இல்லை, சாந்துப் பொட்டு. நான் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தது தப்பாகப் போய்விட்டது.

"என்ற மூஞ்சியில என்ன படமா ஓடுது?"

யார் ஜெயித்தது?

ஞாயிற்றுக்கிழமை கேசட்டை ஒரு பையிலும் கடைச் சாவியை இன்னொரு பையிலும் போட்டுக்கொண்டு போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஓனர் கேசட்டைப் போட்டு, கடைசிச் சண்டைக்கு ஓட்டிவிட்டார். இடி கையை ஓங்கினான். உடும்பு காலைப் பிடித்தான். புள்ளி விழுந்தது.

ஓனர் கேசட்டை உருவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "என்னங்க பண்ணிப்போட்டீங்க? இது ஏதுங்க பொட்டு?"

அதே நேரம் காபி டம்ளரோடு வந்து நின்றது அவர் வீட்டம்மா. நெற்றியில் மெரூன் கலர். எட்டணா அகலம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கேசட் என் கடைக்கு வரும்போதே கோலத்தோடுதான் வந்திருக்கிறது. ஆனால் எப்படிச் சொல்வது? கடை அவர் கட்டடம், நெற்றி அவர் சம்சாரத்தினுடையது. பைக்குள் இருந்த சாவியைத்தான் தடவிக்கொண்டு நின்றேன். என் கண் போன இடத்துக்கு ஓனர் கண்ணும் போனது. கையிலிருந்த கேசட்டைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், மறுபடி கேசட்டைப் பார்த்தார்.

"அம்மணி, இடி ஜெயிச்சானா உடும்பு ஜெயிச்சானா, இனி நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது?"

அந்தம்மா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, கேசட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தது.

"நாந்தானுங்க ஜெயிச்சேன்."

கூண்டுக்குள் இடிக்கிறவனையும் கவ்வுகிறவனையும் அந்த வாரம் நன்றாகத்தான் பார்த்தேன், ஆனால் கேசட்டில் இருந்த ஒரே சாட்சியை நகத்தால் உரித்து, நெற்றிப் பொட்டுக்குக் கீழேயே இன்னொரு பொட்டாக ஒட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனவரை எந்தக் கூண்டிலும் பார்த்ததில்லை.