பத்தாவது செலரி ஜாடி

டோட்காவுக்குப் பாங்கு என்ற பேச்சே ஆகாது. எங்கள் காப்ரோவோ ஊர்க் கடைத்தெருவில் பாங்கு இருக்கிற பக்கம் போக நேர்ந்தால் எதிர்ச் சாரியில்தான் நடப்பாள். காரணம் இல்லாமல் இல்லை. அவள் அப்பா மாஸ்க்விச் கார் வாங்கப் பதினைந்து வருஷமாகப் பாங்கில் போட்டு வைத்த பணம், பாங்குகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திய அந்தப் பாழாய்ப்போன குளிர்காலத்தில் கரைந்துபோனது. மிச்சம் கைக்கு வந்தபோது அதில் ஒரு டயர்தான் வாங்க முடிந்தது. மனிதர் நிஜமாகவே ஒரு டயரை வாங்கி வந்து முற்றத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். கல்யாணம் ஆகிப் போகும்வரை டோட்கா தினமும் அதைப் பார்த்தாள்.

போன இடமும் சொந்த இடமில்லை. கணவன் மின்சோவின் அக்கா ஸ்டானாவின் வீட்டில் ஒரு அறை. ஸ்டானா பொல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குழாய் கொஞ்சம் அதிகமாக ஓடினால் போதும், "டோட்கா, யான்ட்ரா ஆத்தையே தொறந்து விட்டுட்டியா?" என்று கதவைத் தட்டுவாள். பூனை உள்ளே வரும்போது அறைச் சூடு வெளியே போகாமல் கதவு திறந்திருக்கும் நேரம் குறையட்டும் என்று காப்ரோவோக்காரர்கள் பூனை வாலை வெட்டிவிடுவார்களாம். நாடே எங்களைக் கேலி பேசும். ஸ்டானா பூனையே வளர்க்கவில்லை. தன் அடுப்பில், தனக்குத் தோன்றிய நேரத்தில், யாரையும் கேட்காமல் ஒரு காபி வைக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக டோட்கா கண்ட கனவு அவ்வளவுதான்.

அதற்காகத்தான் ஜாடிகள். காலுறை ஆலைச் சம்பளத்திலும், மின்சோ கூரை ஓடு மாற்றிச் சம்பாதித்த கூலியிலும் மிஞ்சியதை யூரோவாக மாற்றி, நைலான் பையில் சுருட்டி, கண்ணாடி ஜாடியின் நடுவில் நிறுத்துவாள். சுற்றிலும் பொடியாக நறுக்கி உப்பிட்ட செலரிக் கீரையை அமுக்கி அடைப்பாள். மூடி அழுத்தும் கருவியால் ஒரு அழுத்து. பிறகு அது நிலவறையில், வருஷா வருஷம் போடும் லுடெனிட்சா தொக்கு ஜாடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். ஒரு ஜாடிக்கு இரண்டாயிரம். செலரி வாசனை ஸ்டானாவுக்கும் ஆகாது, மின்சோவுக்கும் ஆகாது. அக்காவும் தம்பியும் அந்த ஜாடிகள் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். பணம் நிலவறையில் இருக்கிறது என்பது மட்டும் மின்சோவுக்குத் தெரியும். எதில் என்று அவள் சொல்லவில்லை. இரண்டு கிண்ணம் ரக்கியா உள்ளே போனால் அவன் வாயில் எதுவும் நிற்காது.

பத்து ஜாடி சேர்ந்த இலையுதிர்காலத்தில் வீடும் கண்ணில் பட்டது. ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்ற லாலியோ வார்னாவில் மகளோடு இருக்கப் போகிறார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, சமையலறை, வால்நட் மரத்தைப் பார்த்த பால்கனி. விலை இருபத்திரண்டாயிரம். பாங்கில் கடன் மனு போட்டுவிட்டுக் காத்திருந்த ஒரு இளம் ஜோடியும் அதே வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ரெண்டாயிரம் குறைச்சுப் பேசு" என்று மின்சோவை அனுப்பினாள் டோட்கா. "குறைக்கலேன்னா பாங்குல போய் நிக்கணும். அதுக்கு நான் உங்கக்கா வீட்டுலயே கெடந்து சாவேன்."

முதல்முறை ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மின்சோ போகிற வழியில் நிலவறைக்குள் நுழைந்து ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாளே லாலியோ தொலைபேசியில் கூப்பிட்டார். "சரிப்பா. பத்திரத்தன்னைக்கு இருபது கொண்டா. விஷயம் புரிஞ்சுது."

அப்புறம் இரண்டு வாரம் மின்சோவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பேசற விதத்துல பேசணும் டோட்கா! கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னேன். மனுஷன் ஆடிப்போயிட்டான்." கூரை மேல் இருந்தபடியே தெருவில் போகிறவர்களுக்கும் சொன்னான். ஸ்டானாவே தம்பிக்கு ஒரு துண்டு இறைச்சி கூடுதலாக வைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரப் பதிவுக்கு முந்தின மதியம், ஸ்டானா சந்தைக்குப் போனதும் டோட்கா நிலவறைக்குள் இறங்கினாள். செலரி ஜாடிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒன்பது. தொக்கு ஜாடிகளையெல்லாம் கலைத்து, நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால்கூடத் தேடினாள். ஒன்பதுதான். பேயறைந்த முகத்தோடு மேலே வந்து மின்சோவிடம் கேட்டாள்.

"யோவ், லாலியோ அண்ணன் வீட்டுக்கு என்னத்தைய்யா எடுத்துட்டுப் போனே?"

"ஒரு ஜாடிதான்."

"என்ன ஜாடி?"

"தொக்கைத் தூக்கிக் கொடுக்க மனசு வருமா? நம்ம வீட்டுல யாரும் தின்னாத அந்த செலரிக் கருமம்தான்..." அவள் முகத்தைப் பார்த்ததும் பணம் எதில் இருந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

திட்டுவதற்குக்கூட டோட்காவுக்குத் தெம்பில்லை. நாளைக்கு இருபது இல்லையென்றால் வீடு அந்த ஜோடிக்குப் போய்விடும். பழைய அறை, பழைய கதவுத் தட்டல். ஒன்பது ஜாடியிலிருந்த பணத்தையும் பைக்குள் திணித்து, புருஷனை இழுத்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அவளிடம் செலரி மணத்தது.

லாலியோ கதவைத் திறந்ததும் டோட்கா சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, இவரு குடுத்த ஜாடியைத் தொறந்தீங்களா?"

"அன்னைக்கே! எனக்கு செலரி போடாம சூப்பு எறங்காதே. கரண்டியை விட்டா பை வருது, பைக்குள்ள ரெண்டாயிரம் வருது." லாலியோவுக்கு வாயெல்லாம் பல். "உம் புருஷன் பெரிய ஆளும்மா. வாயால 'குறைங்க, குறைங்க'ங்கறான், கையால ஜாடியை நீட்டறான். ரெண்டு கையில, மீதி இருபது பத்திரத்துல. இதுல நாசூக்கா நடந்துக்க எத்தனை பேருக்குத் தெரியும்?"

"அப்போ... வெலையைக் குறைக்கலையா?" மின்சோவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எதுக்குக் குறைக்கணும்? எனக்கென்ன கிறுக்கா?"

டோட்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைப் பார்த்து ஒரே வார்த்தையில் ஆளை ஆட்டிவைத்த மகராசன் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். வயிற்றெரிச்சலுக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து ஓய்ந்ததும் அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள்: அப்பாவின் டயர், ஸ்டானாவின் குழாய், பத்து ஜாடி, எல்லாம்.

"இந்தப் பையில பதினெட்டு இருக்கு. உங்ககிட்ட ரெண்டு வந்துடுச்சு. பாக்கி ரெண்டுக்கு ஒரு வருஷம் குடுங்க அண்ணே. மாசா மாசம் அனுப்பிடறேன்."

லாலியோ தாடையைச் சொறிந்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே! "வட்டி?"

"மாசம் ஒரு ஜாடி லுடெனிட்சா."

"ரெண்டு."

"ஒண்ணு. ஆனா பெரிய ஜாடி."

"காலி ஜாடியைத் திருப்பித் தரமாட்டேன்."

"அதெல்லாம் முடியாது. காலி ஜாடி வந்தாத்தான் அடுத்தது."

 லாலியோ ரக்கியா புட்டியை எடுத்து மூன்று கிண்ணத்தில் ஊற்றினார். "பணத்தை உப்புல ஊறப்போட்டு பன்னெண்டு வருஷம் காத்தவ, எனக்கு ரெண்டாயிரத்துக்குப் போக்குக் காட்டவா போறா? அந்த ஜோடி பாங்குக் காகிதத்தோட கிறிஸ்துமஸ் வரைக்கும் அலையட்டும். காலையில நோட்டரிகிட்ட வந்துடுங்க. ஜாடியெல்லாம் ரயில்ல குடுத்துவிடுங்க. வார்னா வண்டியில இருக்கறவன் பூரா என் ஆளுங்க, கூலி கெடையாது."

சொன்னபடியே நடந்தது. மாதம் ஒரு தொக்கு ஜாடி, அதோடு ஒரு உறை. மாதம் ஒரு காலி ஜாடி, கழுவித் துடைத்து, மூடியோடு. வார்னாவில் அக்கம்பக்கத்தார் ரொட்டியோடு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று லாலியோ தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டார். மின்சோ அந்த வருஷம் முழுக்கக் கூரை மேல் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

கடைசித் தவணையும் போய்ச் சேர்ந்த பிறகு, ரயில்காரர் கொண்டுவந்த பெட்டியில் காலி ஜாடியோடு நிறை ஜாடி ஒன்றும் இருந்தது. பச்சை. மூடியில் லாலியோவின் கோணல் எழுத்தில் 'செலரி'.

மின்சோவின் கண் விரிந்தது. "டோட்கா, மனுஷன் மனசு எளகிட்டாரு போல!"

"யாருக்காவது தூக்கிக் குடுத்துடாதே. தொறந்து பாரு."

கரண்டியை விட்டான். செலரி. இன்னும் ஆழமாக விட்டான். செலரிதான்.

"எடுத்ததை வீணாக்காதே, தின்னுக்கிட்டே போ. அடியில இருந்தாலும் இருக்கும்" என்றாள்.

ரொட்டியில் தடவி, மூக்கைச் சுளித்து, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து மின்சோ அடிவரை போனான். அடியிலும் செலரி. அவன் அண்ணாந்து பார்த்த பார்வையில் டோட்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து போய், காபிப் பாத்திரத்தை எடுத்து, குழாயை நன்றாகவே திறந்துவிட்டாள். கதவைத் தட்ட ஆளில்லை.