பெயர் சொல்லாமல் ஒரு புகார்

பெரம்பலூரில் எங்கள் பக்கத்து வீட்டு முருகேசன், கழிவறைக் குழாயைத் தெருவின் மழைநீர் வாய்க்காலில் விட்டிருந்தார். இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நகராட்சியில் புகார் கொடுத்தேன். ஆட்கள் வந்து குழாயை அடைத்தார்கள். என் பெயர் வெளியே வரவில்லை.

ஆனால் முருகேசன், எதிர்வீட்டில் குடியிருந்த தையல்காரி செல்வி அந்த வாரம் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்வந்ததைக் கேள்விப்பட்டு, அவர்மீது சந்தேகப்பட்டார்.

"வாடகைக்கு வந்துட்டு எம்மேலயே பெட்டிஷன் போடுறியா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். நான் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தினமும் ஏச்சு தொடர்ந்தது. அந்த மாதமே செல்வி வீட்டைக் காலி செய்துகொண்டு அரியலூருக்குக் கிளம்பினார். தையல் மிஷினை வண்டியில் ஏற்றக் கைகொடுத்தபோது, "புகார் குடுத்தது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் சார். அன்னிக்கு ஆபீஸ்ல உங்களப் பாத்தேன்."

"அவருகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொந்த வூட்டுக்காரங்க. காலத்துக்கும் அவரு பக்கத்துலயே இருக்கணும். எனக்கு எங்க போனாலும் தையல் இருக்குங்க."

வண்டி போனதும் முருகேசனிடம் போய் உண்மையைச் சொன்னேன். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை.

பெயரை மறைக்கச் சொன்னதில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் செல்வி முதல் ஏச்சு வாங்கியபோதே நான் தெருவில் இறங்கியிருக்க வேண்டும்.