அப்பா யாருக்கு ஓட்டுப் போட்டார்?

கவுன்சிலர் என்பது ஒரு பதவி என்றே எனக்கு வெகுநாள் தெரியாது. அது ஓர் ஆளின் பெயர் என்று நினைத்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வார்டில் அவர்தான் கவுன்சிலர். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், மாமியாரும் மருமகளும் அடித்துக்கொண்டாலும் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள். போனதால் தண்ணீர் வந்ததா என்றால் அது வேறு விஷயம். போய்ச் சொல்லிவிட்டு வந்ததில் ஒரு திருப்தி. அப்படிப்பட்டவரை எதிர்த்து என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, தேர்தலில் நிற்கப்போகிறார் என்று தெரிந்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பெயரை இன்னொருவர் எப்படிப் பிடுங்கிக்கொள்ள முடியும் என்பதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம்.

மாமாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. முந்தின கோடையில் குழாய் காற்றை மட்டும் கக்கிக்கொண்டிருந்தபோது, தெருப் பெண்களைக் குடங்களோடு கூட்டிக்கொண்டு போய் பஸ் போகிற சாலையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளே தண்ணீர் வந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். நீயே நில்லுப்பா என்று நாலு பேர் ஏற்றிவிட, மனுஷன் நின்றே விட்டார். கட்சி கிடையாது, சுயேச்சை. தண்ணீர்க் குழாய்ச் சின்னம் கேட்டார். கொடுத்தது பீரோ.

எங்கள் வீட்டில் இதனால் விழுந்த முடிச்சைச் சொல்ல வேண்டுமானால் அப்பா அம்மா கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்பா முசரவாக்கத்துக்காரர், பயிர் வைக்கிற குடும்பம். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வேலை கற்றுக்கொள்ள டவுனுக்கு வந்தவர். அம்மா நெசவுக் குடும்பம். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா கட்டிய புடவையோடு போய் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்றாள். அவர் இரண்டு பக்கமும் நடையாய் நடந்து பேசிப் பார்த்தார். யாரும் இறங்கி வரவில்லை என்றதும், தானும் தன் மனைவியுமாக மணையில் உட்கார்ந்து, பெற்ற தகப்பனைப் போலத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அப்பாவை நாயனா என்பார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கும் அவர் நாயனாதான். என் தாத்தாவின் கோபம் தணிகிற வரைக்கும் எங்களுக்குத் தீபாவளி வரிசை அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

அந்தக் கல்யாணத்துக்கு அம்மாவின் வீட்டிலிருந்து ஒரே ஓர் ஆள் வந்திருந்தார். பள்ளிக்கூட யூனிபார்மில், வகுப்பைக் கட்டடித்துவிட்டு வந்து, சாப்பிடாமல்கூட அக்கா பக்கத்தில் நின்றுவிட்டு ஓடிய மாமாதான் அது.

ஒருவர் தாரை வார்த்தவர், ஒருவர் தைரியமாக வந்து நின்றவர். இருவரும் எதிரெதிராக நின்றால் வீடு என்ன ஆகும்? எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. எனக்குப் பீரோ கிடைத்துவிட்டது. அட்டைப் பெட்டியில் பீரோ செய்து தலையில் வைத்துக்கொண்டு, பின்னால் வால்மாதிரி வாண்டுகள் வர, தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனேன். டீக்கடையில் கவுன்சிலர் என்னைப் பார்த்துவிட்டு, பீரோவைத் தூக்கிக்கொண்டு சுற்றினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், எண்ணெய் தடவிக்கொள் என்று சொல்லி, எங்கள் எல்லோருக்கும் பொறை வாங்கிக் கொடுத்தார். எதிர்க்கட்சி பொறையைத் தின்னலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். தின்றுவிட்டேன்.

அம்மா மாமாவோடு வீடு வீடாகப் போனாள். யார் வீட்டிலும் அதிகம் பேசாதவள், என் தம்பிக்குப் போடுங்க என்று கைகூப்பி நின்றாள். அப்பா மட்டும் ஒரு நாளும் போகவில்லை. முகூர்த்த மாதம், வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று பட்டறையிலேயே இருந்தார். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று நூல் கழிகளைக் கொதிக்கிற தொட்டியில் தோய்த்துத் தோய்த்து எடுப்பார். மாமாவின் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறம் போய்விடுவார். ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா கேட்டே விட்டாள்.

"நீங்க இன்னா பண்றதா இருக்கீங்க? தெருவே கேக்குது."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

எனக்கு அப்பாவின் மேல் கோபமான கோபம். சொந்த மச்சானுக்கு ஓட்டுப் போட ஒரு மனுஷன் இப்படி மென்று முழுங்குவாரா? அம்மா எவ்வளவு வீராங்கனை, அப்பா எவ்வளவு பயந்தாங்கொள்ளி என்று பீரோவுக்கு அடியில் நடந்தபடியே யோசித்திருக்கிறேன்.

பிரசாரம் முடிகிற சமயத்தில் கவுன்சிலர் எங்கள் தெருவுக்கு வந்தார். மேளம், மாலை, கூட்டம் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஆரத்தி எடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் மேளத்தை நிறுத்தச் சொன்னார். கூட்டத்தைத் தெருவிலேயே நிற்கவைத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்து, எப்போதும் உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா கதவோரம் நின்றாள். அப்பா தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

"நான் ஓட்டு கேக்க வரலம்மா. கூடப் பொறந்தவனுக்கு நீ போடலன்னா வேற யாரு போடுவா? வெயில்ல சுத்திக்கினு வரேன், மோர் இருந்தா குடு."

அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, பெருங்காயம் தூக்கல் என்று குறை சொல்லிவிட்டு, என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். ஓட்டுக் கேட்டிருந்தால் அம்மா நிமிர்ந்து பதில் சொல்லியிருப்பாள். அவர் கேட்காமல் போனதுதான் பொல்லாத வேலையாகப் போயிற்று. அன்று அம்மா தம்பியோடு ஓட்டுக் கேட்கப் போகவில்லை. தலைவலி என்றாள்.

இங்கே அப்பாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயப்பட்டறைக்காரர் கை என்றைக்கும் ஏதாவதொரு நிறத்தில்தான் இருக்கும். முன்பொரு தேர்தலில் அவருடைய விரலைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஓட்டுப் போட்டாயிற்றா என்று வாக்குச்சாவடி அதிகாரி சந்தேகப்பட்டு, பெரிய ரகளையாகிவிட்டதாம். அது மையில்லை, சாயம் என்று கவுன்சிலரே வந்து சொல்லி மீட்டாராம். அதிலிருந்து தேர்தல் வந்தால் அப்பா இரண்டு மூன்று நாளைக்கு முன்பே தொட்டிப் பக்கம் போகமாட்டார். எலுமிச்சம்பழமும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்கவைத்துக்கொண்டுதான் ஓட்டுப் போடப் போவார்.

அந்தத் தடவை அவர் தேய்க்கவில்லை. தேர்தலன்று காலையில் நான் எழுந்தபோது பட்டறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் லீவு. வேலையாட்கள் ஒருவரும் இல்லை. அப்பா தனியாக ஒரே ஒரு கழியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். கருநீலம். முகூர்த்த மாதத்தில் கல்யாணப் புடவைக்குக் கருநீலம் யார் கேட்டது என்று எனக்கே தோன்றியது. கை இரண்டும் மணிக்கட்டுவரை நாவற்பழம் தின்ற வாய்போல இருந்தன.

அம்மா தலை குளித்து, பட்டறை வாசலில் வந்து நின்று அந்தக் கையைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று ஆவலாகக் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. நான் போய்ட்டு வரேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பக்கத்துவீட்டுப் பெண்களோடு கிளம்பினாள். திரும்பி வந்தபோது விரலில் மை பளிச்சென்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து, என் விரலிலும் ஒட்டுமா என்று தேய்த்துப் பார்த்தேன்.

மதியத்துக்குமேல் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தேன். எந்த விரலில் மை, எது சாயம் என்று யாரால் சொல்ல முடியும்? போட்டீங்களா என்று கேட்டேன். கையை விரித்து, நீயே பாரேன் என்றார். நான் அதைப் போட்டுவிட்டதாகவே எடுத்துக்கொண்டு, எங்கப்பா பீரோவுக்குப் போட்டுவிட்டார் என்று தெருமுனை வரைக்கும் தண்டோரா போட்டேன். சாயங்காலம் டீக்கடையில் மாமாவின் ஆட்களும் கவுன்சிலரின் ஆட்களும் அப்பாவின் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அப்பா அன்று பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய், ஒரு வேப்பமரத்தடியில் சற்று உட்கார்ந்துவிட்டு வந்தார் என்பதைப் பிற்பாடு அவரே சொன்னார். ஒருவரைத் தோற்கடிக்கிற விரல் தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். அதைச் சொன்னால் மாமாவுக்கு வருத்தம், சொல்லாவிட்டால் விரல் காட்டிக்கொடுத்துவிடும். பாவம், அந்தக் கருநீலக் கழியை எந்த நெசவாளியும் வாங்கவில்லை.

மாமா ஜெயித்தார். கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான். பட்டாசுப் புகையில் தெரு மறைந்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாமா ஆடினார். அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று ஒரு பாட்டி விளக்கம் சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பானை பாயசம் வைத்தாள். கூட்டம் பந்தலில் இருந்தபோது தூக்குவாளியில் முதல் பாயசத்தை ஊற்றி, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, கொல்லைப்புறச் சந்து வழியாக நடந்தாள்.

கவுன்சிலர் வீட்டில் கூட்டமே இல்லை. அந்த வாசல் வெறிச்சென்று இருந்து நான் பார்த்ததில்லை. அவர் பனியனோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அம்மா வாளியை வைத்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் குனிந்தார். அம்மா அவர் காதோடு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. தோற்றதற்குக்கூட அசையாமல் இருந்த மனுஷன் அதைக் கேட்டதும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அவள் தலையில் கையை வைத்தார்.

"தம்பிக்கு இது தெரிய வேணாம்மா. சின்னப் பையன், சந்தோசமா வேலைய ஆரம்பிக்கட்டும்."

ஊரெல்லாம் அப்பாவின் விரலைப் புரட்டிப் பார்த்தது. அம்மாவின் விரலை யாரும் பார்க்கவில்லை. அதில்தான் மை தெளிவாக இருந்ததே. கும்பிட்டுக் கும்பிட்டுத் தம்பிக்கு ஓட்டுச் சேர்த்தவள், மறைப்புக்குள்ளே தனியாக நின்றபோது எந்தப் பொத்தானை அழுத்தினாள் என்பது எனக்கு உறைக்க, நானே ஓட்டுப் போடுகிற வயது வரவேண்டியிருந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஜெயித்தவருக்கென்று வைத்த பாயசத்தை, ஜெயித்தவர் வாயில் வைப்பதற்கு முன்பே, தோற்றவருக்குக் கொடுத்துவிட்டோம். மாமாவுக்குத் தெரிந்தால் மனம் கஷ்டப்படும். சந்தில் திரும்பி வரும்போது அம்மாவின் கையை இழுத்து நிறுத்தி, நான் மாமாகிட்ட சொல்லவே மாட்டேன்மா, சத்தியமா, என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அம்மா பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தாள். என்னத்தைச் சொல்லமாட்டாய் என்று கேட்டாள்.

பாயசம் கொடுத்ததை, என்றேன்.

அம்மா அந்தச் சந்திலேயே உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பாயசத்துக்குப் போய் இவ்வளவு அழுகையா என்று நினைத்துக்கொண்டு, அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.