இடது கையின் வேகம்

என் மனைவி சிதம்பரத்தில் வாய்ப்பாட்டு படித்தவள். நான் கடலூரில் எங்கள் பங்கு மாதா கோயில் பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவன். கல்யாணத்துக்குப் பிறகு அவளும் குழுவில் பாட வந்தாள், சண்டையும் கூடவே வந்தது. அடக்கத்துக்கு வாசிக்கும் ஒரு பாட்டின் நடுவில், அச்சடித்த நோட்டில், இத்தாலியில் 'டோப்பியோ மூவிமென்டோ' என்று இருக்கும். இருமடங்கு வேகம் என்று அர்த்தம்.

அந்த இடம் வந்ததும் இடது கைத் தாளத்தையே நான் இரட்டிப்பேன்.

"இது இரண்டாம் காலங்க. தாளம் அப்படியே இருக்கணும், ஸ்வரந்தான் ரெண்டு மடங்கா ஓடணும்" என்பாள்.

எப்படி வாசித்தாலும் பாடுகிறவர்களுக்கு ஒரே வேகம்தான், அப்புறம் எதற்கு வம்பு என்று எரிந்து விழுவேன். அவள் நோட்டில் பென்சிலால் 'இரண்டாம் காலம்' என்று எழுதி வைப்பாள். நான் ரப்பர் போட்டு அழிப்பேன்.

போன வருஷம் அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், கஞ்சி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கும் அந்தப் பாட்டத்தான் வாசிப்பீங்க. இடது கைய மட்டும் இரட்டிக்காதீங்க. பெட்டி தூக்குறவுங்க காலு தாளத்தத்தான் கேக்கும். நீங்க இரட்டிச்சா என்னைய ஓட ஓட தூக்கிட்டுப் போவாங்க."

சும்மா இரு என்றேன். அவள் விடவில்லை. கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

அடக்கப் பூசை முடிந்து அவள் தம்பியும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். வேறு யாராவது வாசிக்கட்டுமே என்றார் ஃபாதர். நான் கேட்கவில்லை. மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். நோட்டைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் இடது கை தானாக இரட்டித்தது. நாலு பேரின் காலும் உடனே மாறிற்று. பெட்டி குலுங்கிக்கொண்டு வாசலை நோக்கி விரைந்தது. நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷப் பிடிவாதம், கை கேட்கவில்லை. பாட்டு முடியும் முன்பே அவள் வெளியே போய்விட்டாள்.

கல்லறையில் மண் போட்ட பிறகு மச்சான் பக்கத்தில் வந்து நின்றான். சட்டை முழுக்க வியர்வை.

"ஏன் மாமா அவ்ளோ அவசரம்? இன்னும் கொஞ்ச நேரம் அக்காவத் தூக்கிட்டு இருந்திருப்பேனே."

நான் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன்.

"அக்காதான் அப்பிடி வாசிக்கச் சொன்னுச்சா?"

ஆமாம் என்றேன்.