திட்டுவதற்காகப் போட்ட போன்

காஞ்சிபுரம் பக்கம் வல்லம் வடகாலில் புதுத் தொழிற்சாலைகள் எழும்பிய சமயம், ஒரு ஷெட்டுக்குத் தகரக் கூரை போடும் வேலையை எடுத்திருந்தேன். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னதால் ஒரு நாள் வேலையை நிறுத்தினேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. மறுநாள் மதியம் ஆட்களைக் கூரையில் ஏற்றிவிட்டு, வானிலை மையத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"உங்க பேச்சைக் கேட்டு ஒரு நாள் வேலை போச்சு! கிளி ஜோசியமா சொல்றீங்க?"

போனை எடுத்த பெண்மணி கோபப்படவில்லை. எங்கிருந்து பேசுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"மேலே ஆள் இருக்காங்களா சார்? காஞ்சிபுரத்துலேர்ந்து இடிமேகம் உங்க பக்கம்தான் வருது, ரேடார்ல தெரியுது. முதல்ல அவங்களை இறக்குங்க, அப்புறம் திட்டுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

வெயில் கொளுத்தியது. ஆனாலும் அந்தக் குரல் என்னைப் பயமுறுத்தியது. "எல்லாரும் இறங்குங்கடா!" என்று கூவினேன்.

"இன்னா மேஸ்திரி, டீ வாங்கித் தரப் போறியா?" என்று சிரித்தபடி இறங்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அடித்த காற்றில், இன்னும் திருகாணி முடுக்காத கூரைத் தகடுகள் பிய்ந்து வயலில் போய் விழுந்தன.

"எல்லாரும் இறங்கிட்டாங்களா சார்?" என்று போனில் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இறங்கிட்டாங்கம்மா" என்றேன்.

இன்றும் சொன்ன மழை வராவிட்டால் எனக்கு எரிச்சல்தான். ஆனால் வேறு யாராவது வானிலை மையத்துக்காரர்களைக் கேலி செய்தால் சண்டைக்குப் போய்விடுகிறேன்.