வெள்ளாற்றுப் பாலத்தில் நடந்த இன்டர்வியூ

நறுக்கிய கொத்தவரங்காய் வாசனையும் டீசல் புகையும் சேர்ந்து வந்தால், இன்றைக்கும் எனக்கு இன்டர்வியூ ஞாபகம்தான் வரும்...

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சாயங்கால பாசஞ்சர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, கடலூரில் கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் போய், அந்த வண்டியில்தான் வீடு திரும்புவேன். பெண்கள் பெட்டியில் எல்லாரும் வேலைக்குப் போய்த் திரும்பும் சீசன் டிக்கெட் அக்காக்கள். ராத்திரிச் சமையலுக்கு ரயிலிலேயே காய் நறுக்கிவிடுவார்கள்.

என் பிரச்சினை குரல். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். போன இன்டர்வியூ எல்லாவற்றிலும் "சரிம்மா, சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் அனுப்பவில்லை. அப்பா உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். வீட்டில் இனி என் சம்பளம் வந்தால்தான் உண்டு.

ஒருநாள் ரயிலிலேயே அழுதுவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அக்கா, கோர்ட்டில் டைப்பிஸ்ட், கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்க கோர்ட்டுல பயந்து நிக்கிற சாட்சிகூட உன்னவிட சத்தமா பேசும்டி! இன்னியிலேருந்து நாங்கதான் ஆபீசரு. கேள்வி கேப்போம், பதில் சொல்லு."

அவ்வளவுதான்... தினமும் இன்டர்வியூ! சட்டமும் அக்காவே போட்டார். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி தடதடக்கும்போது, நான் எழுந்து நின்று என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். கதவோரம் இருக்கும் ரமணி அக்காவுக்குக் கேட்டால்தான் பாஸ்.

"கேக்கல!" என்று ரமணி அக்கா கையை ஆட்டுவார். பெட்டியே சிரிக்கும். எனக்கு மானம் போகும். ஆனால் ஒருநாள் கையை ஆட்டாமல், ஒரு கொத்தவரங்காயை உயர்த்திக் காட்டினார். பாஸ்!

அப்புறம் செம்மங்குப்பம் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நிஜ இன்டர்வியூ வந்தது. ஏசி ரூம். ஊசி விழுந்தால் கேட்கும். மேனேஜர் "உங்களப் பத்தி சொல்லுங்கம்மா" என்றதும் படாரென்று எழுந்து, பாலத்துக் குரலிலேயே ஆரம்பித்துவிட்டேன்... அவர் கையில் இருந்த டீ சிந்திவிட்டது.

"ஏம்மா, நான் இங்கதான உக்காந்திருக்கேன்?"

போச்சுடா சாமி, இதுவும் போச்சு என்று நினைத்தேன். மறைக்கத் தெரியாமல், "ரயில்ல பழகுனேன் சார்" என்று அக்காக்கள் கதையை அப்படியே சொல்லிவிட்டேன். மனுஷன் சிரித்து ஓய்வதற்கே நேரமாயிற்று.

"பிளான்ட்ல மோட்டார் ஓடுறப்ப ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குக் கேக்காதும்மா. உன் குரல் கேக்கும். திங்கக்கிழமை வந்துரு."

இப்போது நானே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். எப்படித் தயாராவது என்று கேட்கும் காலேஜ் பிள்ளைகளிடம் ஒன்றுதான் சொல்வேன். கண்ணாடி முன்னால் பேசாதீர்கள். உங்களைக் கிண்டல் செய்கிற, உங்கள்மேல் பிரியமும் உள்ள நாலு பேர் முன்னால் பேசுங்கள்.

போன மாதம் அதே ரூட்டில் ரயிலில் வந்தேன். பாலம் வந்தபோது பெட்டியில் எல்லார் காதிலும் இயர்போன். குறை சொல்லவில்லை, வேலை முடிந்து வரும் களைப்பு எனக்கும் தெரியும். ஆனாலும் யாராவது "கேக்கல!" என்று கத்தமாட்டார்களா என்றிருந்தது...

சிதம்பரத்தில் இறங்கி நேரே ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குத்தான் போனேன். ரிட்டயர் ஆகிவிட்டார். காது மந்தம். "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வீட்டுல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்கடி. நீ ஒருத்தி பேசுறதுதான் எனக்கு ஒழுங்கா கேக்குது."

நான் எழுந்து நின்றேன். அதே பாலத்துக் குரலில் கத்தினேன்.

"எல்லாம் நீங்க குடுத்த குரல்தான்க்கா!"