தோல் உரிந்த ஆறு முத்துகள்

ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பெருமாள்சாமியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல் தக்காளி விலை கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே கேலியாக ஏதோ சொன்னேன். பேசியது அவர் மனைவி செல்லத்தாய். "அண்ணே, அவுக போயிட்டாக" என்றார். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவே இல்லையாம். நான் சொன்ன கேலி அந்த அம்மாவின் காதில் விழுந்திருக்கும். நினைத்தால் இன்னும் கூசுகிறது.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் எங்கள் ஆய்வுப் பிரிவில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அண்ணாச்சி என்றால் போதும்; எல்லோரையும் அவர் அப்படியே கூப்பிட்டதால் அவருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டிகளுக்குப் போகும் சிறு உதிரிபாகங்களை வெள்ளை விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் சிவப்புப் பெட்டியில் போடுவது எங்கள் வேலை. என் மேஜைக்கு அடுத்தது அவருடைய மேஜை. ஓய்வு பெறும்வரை, இருபது வருடத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேன்டீனில் ஊர் கேட்டார்கள். விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமம் என்றால் இங்கே யாருக்குப் புரியும்? தூத்துக்குடி என்றார். கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், சேலத்துக்காரர் எல்லோரும் ஒரே குரலில், அப்படியென்றால் உங்களுக்கு முத்து பார்க்கத் தெரியுமே என்றோம். அவர் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. புது ஊரில் நாலு பேர் மதித்துக் கேட்டதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அந்தச் சிரிப்பை நம்பி முதலில் போனவன் நான். என் தங்கை லட்சுமியை வேப்பனப்பள்ளியில் ஒரு மாந்தோப்புக் குடும்பத்தில் கொடுத்தோம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்தான் நாங்களும். ஆனால் தாலிச் சரட்டில் முத்தும் பவழமும் கோப்பது அவர்கள் வழக்கம், எங்களுக்குக் கிடையாது. பவழம் அவர்கள் பொறுப்பு, முத்து எங்கள் பொறுப்பு என்று பேசி முடித்தார்கள். நான் அண்ணாச்சியைக் கடைக்கு அழைத்துப் போனேன். அவர் ஆறு முத்துகளையும் விளக்கடியில் உருட்டி உருட்டி, மேஜையில் பாகங்களைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"ஆறும் அச்சடிச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி. ஒரு புள்ளி கெடையாது. எடுத்துருங்க" என்றார். எடுத்தேன்.

மஞ்சள் பூசிக் குளிக்கிற உடம்பில் அவை ஆறு மாதம் தாங்கின. பிறகு தோல் உரிந்தது. உள்ளே இருந்தது வெறும் கண்ணாடி மணி. லட்சுமியின் மாமியார் திட்டவில்லை. "இவி முத்யாலு காதும்மா", இது முத்தில்லையம்மா என்று மட்டும் சொன்னாராம். திட்டியிருந்தால் என் தங்கை தாங்கியிருப்பாள். தாலியில் பொய்யைக் கோத்து அனுப்பிய வீடு என்று அந்தத் தெருவில் எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. அவள் ஒருநாள் வந்து ஆறு மணிகளையும் என் கையில் கொட்டினாள். "அங்க தலை நிமுந்து நடக்க முடியலண்ணா. நல்ல முத்து கெடைக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அண்ணாச்சியைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "முத்துன்னு ஒண்ணக் கையில வாங்கிப் பாத்ததே அன்னைக்குத்தான் அண்ணாச்சி" என்றார். நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பிழைக்க வந்த இடத்தில் என் தங்கையின் பிழைப்பைக் கெடுத்தாய் என்பது அதில் மிகக் குறைவான வார்த்தை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த ஆறு மணிகளையும் தனக்குத் தரும்படி கேட்டார். தரையில் எறிந்தேன். குனிந்து பொறுக்கிக்கொண்டார். அதன்பிறகு வேலையைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை.

நான் கோபக்காரன், கோபத்தை ஊறப்போட்டு வைப்பவன். அவரோ அடுத்த நான்கைந்து மாதமும் ஞாயிறு தவறாமல் பெங்களூருக்கு பஸ் ஏறியிருக்கிறார். அங்கே நகைக்கடைகளுக்கு முத்து கோத்துக் கொடுக்கும் ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கழித்துப்போட்ட கீறல் முத்துகளை வாங்கிவந்து பிளேடால் அறுத்துப் பார்த்திருக்கிறார். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் மதிய இடைவேளையில், ஆய்வு அறையின் ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து இருபது முத்துகளைப் பரப்பி வைத்தார். பாதி நல்லது, பாதி போலி என்றார். "என் வார்த்தைய நம்ப வேண்டாம் அண்ணாச்சி. எப்படிப் பாக்கணும்னு மட்டும் சொல்லுதேன். நீங்களே எடுங்க."

கடை விளக்கில் பார்க்கக் கூடாது, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நல்ல முத்தில் ஜன்னல் கம்பியின் பிம்பம் தெளிவாகத் தெரியும். மட்டமானதில் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிக் கிடக்கும். துளையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். போலி அங்கேதான் முதலில் பிசிறும். பல்லில் லேசாகத் தேய்த்தால் நல்லது நறநறக்கும், போலி வழுக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாகத் தன் தப்பையும் சொன்னார். "நம்ம மேஜையில ஒண்ணப்போல ஒண்ணு இருந்தா பாஸ். இங்க அச்சடிச்ச மாதிரி இருந்தாத்தான் சந்தேகப்படணும். அன்னைக்கு நான் முத்தப் பாக்கல, பார்ட்டப் பாத்தேன்."

நான் ஒன்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒன்று போலி. அதை எடுத்துக் காட்டியபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. மீதி எட்டில் ஆறைக் கொண்டுபோனேன். லட்சுமியின் மாமியார் ஒன்றைப் பல்லில் வைத்துப் பார்த்துவிட்டு, தானே உட்கார்ந்து சரட்டில் கோத்தார். அந்த உகாதிக்கு லட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அண்ணாச்சியிடம் "கோத்தாச்சு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பாகத்தைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அதன்பிறகு அவர் உங்களில் எத்தனை பேருக்கு முத்து பார்த்துக் கொடுத்தார் என்று உங்களுக்கே தெரியும். கடைக்குள் நுழையுமுன் வாசலில் நிறுத்தி, "ஒரு குடும்பத்தத் தல குனிய வச்சவன் நான். அதத் தெரிஞ்சுக்கிட்டு என்னக் கூட்டிட்டுப் போங்க" என்பார். அப்போது சட்டைப்பையிலிருந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்து, தோல் உரிந்த ஆறு மணிகளைக் காட்டுவார். யார் குடும்பம் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. நானும் பக்கத்து மேஜையில் இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு லட்சுமியோடு போயிருந்தேன். செல்லத்தாய் அந்தக் குப்பியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அவுக இத உசுரா வச்சிருந்தாக, வெலையுள்ளதா அண்ணே, எடுத்து வைக்கவா என்று கேட்டார். இருபது வருடம் முத்து பார்த்த மனிதரின் மனைவிக்கு ஒரு முத்தைப் பார்க்கத் தெரியவில்லை. இல்லம்மா, போலி, என் தங்கச்சி தாலியில இருந்தது என்றேன்.

செல்லத்தாய் லட்சுமியின் கழுத்துச் சரட்டைப் பார்த்தார்.

"உங்க வீடா அண்ணே அது? யாருன்னு கேட்டா சொல்லவே மாட்டாக. மன்னிச்சிட்டாகளான்னு கேட்டா, தெரியல, கேக்கத் தைரியம் வரலன்னுதான் சொல்லுவாக."

வருடா வருடம் தங்கை தோப்பிலிருந்து ஒரு கூடை மாம்பழம் அவர் வீட்டுக்குப் போகும். என் மனசு அதிலேயே அவருக்குப் புரிந்திருக்கும் என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன். குப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவரிடம்தான் பழகினேன். அதுவும் என்னிடம் இருக்கும். நண்பர்களே, அவர் தலைகுனிய வைத்ததாகச் சொன்ன குடும்பம் எங்களுடையது. லட்சுமி உகாதிக்கு வீடு வந்த அன்றே அவர்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. அடுத்த மேஜைதான், கை நீட்டினால் தொட்டுவிடலாம். சொல்லாமல் இருந்துவிட்டேன்.